கோடி போகாத ஏரி

மழைக்காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவோம். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போகிற இடத்துக்கு எங்கள் பக்கம் கோடி என்று பெயர். கரையின் ஒரு முனையில் கருங்கல்லால் கட்டிய தாழ்வான சுவர், அவ்வளவுதான். தண்ணீர் அந்தச் சுவர் உயரத்துக்கு வந்ததும் அதன்மேல் வழிந்து, எங்கள் தெருவை ஒட்டிய கால்வாயில் விழுந்து, அடுத்த ஊர் ஏரிக்குப் போய்விடும். விழுகிற சத்தம் வீட்டுக்குள் படுத்திருந்தாலே கேட்கும். அது கேட்டுவிட்டால் அம்மா, "கோடி போவுது, இனிமே பயமில்ல, படுங்க" என்பாள். ஏரி இதற்குமேல் ஏறாது என்று அர்த்தம். மழை கொட்டுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் சரியாகச் சாப்பிட மாட்டோம்.

எங்கள் தெரு ஏரிக்கரைக்கு நேர் கீழே இருக்கிறது. ஆசைப்பட்டு யாரும் அங்கே வீடு கட்டவில்லை. கொடுத்த இடம் அது, கட்டிக்கொண்டோம். எங்கள் அடுப்பங்கரைச் சுவருக்கும் கரையின் அடிவாரத்துக்கும் நடுவில் ஒரு மாட்டைக் கட்டலாம், கன்றுக்கு இடமிருக்காது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே பெய்கிற மழைதான் ஓடையாக இறங்கி எங்கள் ஏரிக்கு வரும். நிலம் வைத்திருக்கிறவர்களின் வீடுகள் எல்லாம் ஊரின் மறுபக்கத்தில், மேட்டில். எங்களுக்கு நிலம் கிடையாது. கரும்பு வெட்டப் போவோம். வெட்டிய கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும், நாங்கள் வீட்டுக்கு வருவோம்.

நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் ஊரில் இளைஞர் மன்றம் தொடங்கினார்கள். தொடங்கியவர் மேட்டுத் தெருப் பையன், என்ஜினியரிங் முடித்தவர், வேலை தேடிச் சென்னைக்குப் போய் வேலையோடு வராமல் யோசனையோடு வந்தவர். எல்லாரும் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டோம். அவருடைய அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில்தான் நிலம். முதல் நாளே தலைவர் எங்கள் தெருவுக்கு வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "ஏரி எல்லாருக்கும் பொது. தூர் வாரலாம், வாங்க" என்று கூப்பிட்டார். மேட்டுத் தெருவிலிருந்து ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்து ஏதாவது ஒன்றுக்கு "வாங்க" என்று சொன்னதே அதுவரை கிடையாது. "வா, போ" என்றுதான் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு "ங்க"வுக்காகவே பாதித் தெரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியது.

எங்கள் வீட்டிலிருந்து அண்ணனும் நானும் போனோம். அண்ணன் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் குப்புறப் படுத்துத் தூங்குகிற ஆள். அந்தக் கோடையில் ஒரு ஞாயிறுகூடத் தூங்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் போய் ஏரியில் நிற்பான், எல்லாருக்கும் பின்னால் வீடு திரும்புவான். மன்றத்தில் அவனைத் துணைத் தலைவர் ஆக்கினார்கள். மஞ்சள் பனியன் கொடுத்தார்கள், முதுகில் அந்தப் பதவியை அச்சடித்து. வீட்டில் சட்டை துவைக்கச் சோம்பேறித்தனப்படுகிறவன், அந்தப் பனியனை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் தானே துவைத்து, எழுத்து வெளுத்துவிடும் என்று நிழலில் காயப்போட்டான். நான் கேலி செய்தேன். "மாப்பிள்ளை சட்டையா அண்ணே அது, மஞ்சள் வெச்சு எடுத்துகினு வரவா?" அவன் சிரிக்கவில்லை. பதவி வந்ததும் சிரிப்பைக் கொஞ்சம் கம்மி பண்ணியிருந்தான்.

மதியம் ஒரே அண்டாவிலிருந்து எலுமிச்சைச் சோறு. தலைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் படம் பிடித்து மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நான் அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். அவள் போனைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணா குந்திகினு துன்னா ஒண்ணாயிடுவோமா? மழை பேயட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நல்லது நடக்கும்போதும் இந்தப் பொம்பளைக்கு வாய் சும்மா இருக்காதா என்று நினைத்தேன்.

கரை முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும் என்றார் தலைவர். அண்ணன் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தான். ஒவ்வொரு மரமும் வரும்போது கரையின் ஒரு துண்டையும் பிடித்துக்கொண்டுதான் வந்தது. ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக் குழிகள். அந்தக் குழிகளை ஏரியில் தோண்டிய வண்டலைப் போட்டு நிரப்பி, காலால் மிதித்து, மேலே பனை விதை நட்டோம். கரையின் நீளத்துக்கு வரிசையாக நின்று ஆளுக்கொரு பனை விதையைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தில் நானும் இருக்கிறேன். பனை வேர்விட்டுக் கரையைப் பிடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மழை அத்தனை வருஷம் காத்திருக்குமா என்றும் கேட்கவில்லை. குழி மேல் நடந்தபோது என் செருப்பு உள்ளே போனது. இழுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை. ஏரிக்குத் தண்ணீர் வந்தது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அப்போதுதான் மணல் மூட்டைப் பேச்சு வந்தது.

கோடிச் சுவரின் மேல் ஒரு முழ உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினால் ஏரியில் இன்னும் ஒரு முழத் தண்ணீர் நிற்கும். மேட்டுத் தெருவுக்கு இன்னொரு போகம். இது ஒன்றும் புதிய தந்திரம் இல்லை. முன்பும் நிலத்துக்காரர்கள் செய்ததுதான். ஆனால் அப்போது திருட்டுத்தனமாக நாலு மூட்டையை வைப்பார்கள், எங்கள் தெருவில் ஒருத்தி பார்த்துக் கத்தினால் எடுத்துவிடுவார்கள். இப்போது மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரில் பாட்டு வைத்துப் பகலில் அடுக்கினோம். எங்கள் தெருப் பையன்களே யூரியா சாக்கில் மணலை அள்ளினார்கள். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன். ஊருக்குச் செய்கிற சேவை என்று பெயர் வைத்துவிட்டால் கத்துவதற்கு வாய் வருமா?

மூட்டை முழ உயரத்துக்கு வந்ததும் சாக்கைக் கீழே வைத்தேன். தலைவரிடம் கேட்டேன். "அண்ணா, தண்ணி ஜாஸ்தியா வந்தா?"

"வந்தா மூட்டை மேல போவும் தங்கச்சி. கல்லு மேல போனா இன்னா, மூட்டை மேல போனா இன்னா?"

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பின்பக்கம் நின்று கரையை அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோடியை ஒரு முழம் ஏற்றிவிட்டோம். கரையை ஏற்றவில்லை. போதாததற்கு அதைப் பொத்தலும் போட்டிருந்தோம்.

பல வருஷம் கழித்து ஏரி கோடி போகப் போகிறது என்பதால் பூஜை வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஏரி நிறைந்து கோடி போனால் ஏரிக்கரை அம்மனுக்குக் கிடா வெட்டி, கோடித் தண்ணீரில் மஞ்சளும் பூவும் விடுவோம். முன்பெல்லாம் தண்ணீர் வழிந்த பிறகு பூஜை. இந்த முறை பூஜைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவர் கையால் ஒரு மூட்டையை எடுக்க, தண்ணீர் விழ, அதை வீடியோ எடுக்க ஏற்பாடு. தண்ணீர் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலையில் மேற்கே மலையைக் காணவில்லை. மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. அம்மா வாசலுக்கு வந்து அந்தப் பக்கம் பார்ப்பாள், உள்ளே போவாள், மறுபடி வருவாள். மலை மறைந்தால் ஓடை இறங்கும் என்பது எங்கள் தெருவில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். மதியத்துக்கெல்லாம் ஓடை இறங்கிவிட்டது. அந்த இரைச்சல் தூரத்திலிருந்து கேட்டது. ஏரிக்குள் தண்ணீர் வருகிற சத்தம் கேட்கிறது. ஏரியிலிருந்து தண்ணீர் போகிற சத்தம் கேட்கவில்லை.

"இன்னாடி, இன்னும் சத்தம் வல்ல?" என்று எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று கேட்டாள்.

"வந்துடும் அத்தே" என்றேன்.

"எப்ப?"

ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு கரை மேல் ஏறினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் கண்ணுக்கெட்டிய வரை நின்றது. கோடிக் கல் சுவர் எங்கே என்றே தெரியவில்லை. மூட்டையின் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை, அசைவே இல்லை. பிறந்ததிலிருந்து அந்த ஏரியைப் பார்த்தவள் நான். ஆழமாக இருக்கும்போது பார்த்திருக்கிறேன், வறண்டு வெடித்துப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. திரும்பிக் கீழே பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரை தண்ணீரைவிடத் தாழ்வில் இருந்தது. அங்கே அம்மா கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன்.

சனிக்கிழமை காலையில் அடுப்பங்கரைச் சுவர் ஈரமாக இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் கரையின் அடியில் தண்ணீர் கசிகிறது. முதலில் தெளிவாக வந்தது. மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் எந்த ஏரிக்கரையும் நிறைந்தால் கொஞ்சம் கசியும். அம்மா ஒரு சொம்பில் பிடித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கஞ்சி குடித்துவிட்டு வந்து மறுபடி பிடித்தாள். இந்தச் சொம்பில் அடியில் மண் தங்கியது.

"மண்ணைத் துன்னுகினு வருது" என்று அண்ணனிடம் சொம்பைக் காட்டினாள்.

அண்ணன் மஞ்சள் பனியனோடு உட்கார்ந்திருந்தான். சொம்பைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. உடனே தலைவருக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டதால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஒரு நாள்தானப்பா" என்றார் தலைவர். குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. "நாளைக்குக் காலைல பெரியவர் வந்துடுவார். இப்ப எடுத்தா தண்ணி எறங்கிடும், அப்புறம் இன்னாத்துக்குப் பூஜை? எங்கப்பா என்னை உயிரோட வுட மாட்டாரு. நீ கசியற எடத்துல மூட்டை போடு. அப்பால கோடிகிட்ட நாலு பேரை நிறுத்து. யாரும் கை வெக்காம பாத்துக்கோ. உன்னை நம்பித்தான் இருக்கறன்."

அண்ணன் போனை வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்க போற?" என்றேன்.

"கோடிக்கு."

"மூட்டையை எடுக்கவா?"

அவன் செருப்பைத் தேடினான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பனியனைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, உன் வூட்டுச் செவுரு நனைஞ்சிகினு இருக்குது. நீ போய் அவங்க தண்ணிக்குக் காவல் இருக்கப் போறியா?"

"நான் எடுத்தா அத்தோட மன்றத்துல நமக்கு எடம் இல்ல பாப்பா" என்றான். கெஞ்சுகிற மாதிரி சொன்னான். "இத்தினி வருசத்துல மொத தபா நம்ம பேச்சைக் கேக்கறாங்க. ஒரு நாள் பொறுத்துக்கினா இன்னா?"

"கேக்கறாங்களா? இப்பச் சொன்னியே, கேட்டாங்களா?"

அவன் என் கையை விலக்கிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான். முதுகில் இருந்த எழுத்து தெருக்கோடி வரைக்கும் தெரிந்தது. சொந்த அண்ணனை அப்படி வெறுத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அதே நேரம் அவனுக்காக அழுகையும் வந்தது. அவன் ஆசைப்பட்டதில் என்ன தப்பு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பையன்கள் சிலர் வந்து கசிகிற இடத்தில் மூட்டை போட்டார்கள். தண்ணீர் மூட்டைக்குப் பக்கத்தில் வழி பார்த்துக்கொண்டது. வயதானவர்களையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். மற்றவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டினோம். கட்டி முடித்து அம்மாவும் நானும் பின்வாசலில் நின்றபோது, கரைச் சரிவில் ஏதோ ஒன்று உருண்டு வந்து எங்கள் அம்மிக்கல்லில் முட்டி நின்றது. கறுப்பாக, கைமுட்டி அளவில். அம்மா குனிந்து எடுத்தாள். பனை விதை. முளைகூட விட்டிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தோம். நாங்கள் நிரப்பிய வேர்க்குழி ஒன்று அதன் மண்ணைக் கக்கிக்கொண்டிருந்தது.

அம்மா விதையைக் கீழே போட்டாள். கூரையின் இறவாணத்தில் கை விட்டுக் கரும்பு வெட்டும் கத்தியை எடுத்தாள். எந்நேரமும் பேசுகிறவள் பேசாமல் போனால் அதைவிடப் பயம் வேறு இல்லை. அவள் கத்தியோடு நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அத்தை தன் கத்தியை எடுத்தாள். அப்புறம் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. எல்லாரும் ஒரே கங்காணியிடம் கரும்பு வெட்டுகிற பெண்கள். வரிசையாக நடப்பது அவர்களுக்குப் பழக்கம். நானும் கூடப் போனேன். என் கையில் கத்தி இல்லை.

கோடியில் மேட்டுத் தெரு ஆண்கள் குடை பிடித்து நின்றார்கள். தலைவரும் அவர் அப்பாவும் இருந்தார்கள். தண்ணீர் மூட்டையின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே. மூட்டைகளின் மேல், காலை அகட்டி, மழையில் தொப்பலாக நனைந்து அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"நகருடா" என்றாள் அம்மா.

"அம்மா, நாளைக்குக் காலைல அவங்களே எடுத்துடுவாங்க. நான் பேசிட்டன்."

"நாளைக்கு நம்ம வூடு எங்க இருக்கும்னு கேட்டியா? கேட்டுச் சொல்லு, அங்க போய் சோறாக்கறன்."

தலைவர் முன்னால் வந்தார். பாவம், முகம் வெளுத்திருந்தது. கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். நல்லவர்களின் பயம் எங்கள் தலையில்தான் விடிகிறது. "அம்மா, இது பொதுச் சொத்துங்க. கை வெக்கக் கூடாதுங்க" என்றார்.

"தெரியும் தம்பி. பொதுச் சொத்து பத்திரமா இருக்குது. என்னுது தனிச் சொத்து, அதான் போய்கினு இருக்குது."

அவருடைய அப்பா குடைக்குள்ளிருந்து, "ஒரு போகத் தண்ணியைத் தெருவுல வுடப் பாக்கறீங்களா? புத்தி இருக்குதா உங்களுக்கு?" என்று சத்தம் போட்டார்.

அம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நகரவில்லை. அவள் குனிந்து, அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவில் இருந்த மூட்டையை, கரும்பை அடியோடு சீவுகிற மாதிரி ஒரே வீச்சில் கிழித்தாள். மணல் கொட்டியது. மூட்டை தளர்ந்து அண்ணன் கால் ஆடியது. விழாமல் இருக்க அவன் குதிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் நாங்கள் நின்றோம். மறுபக்கம் குடைகள். அவன் குடைகளின் பக்கம் குதித்தான்.

அந்த நேரத்தில் யோசித்துக் குதித்திருக்க மாட்டான், கால் எங்கே போனதோ அங்கே போயிருப்பான் என்று நான் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா அப்படி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. பார்த்தாள், அடுத்த மூட்டையைக் கிழித்தாள்.

மற்றப் பெண்களும் கிழித்தார்கள். யாரும் தடுக்கவில்லை. கத்தி வைத்திருக்கிற பெண்களைத் தடுக்க யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லை. முதலில் சலசலவென்றுதான் வழிந்தது. பிறகு மூட்டைகளையே தள்ளிக்கொண்டு, காதடைக்கிற சத்தத்தோடு கால்வாயில் விழுந்தது. அம்மா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூ இல்லை, மஞ்சள் இல்லை, கிடா இல்லை. ஏரி கோடி போனது.

சாயந்திரம் எங்கள் அடுப்பங்கரைச் சுவர் ஊறி உட்கார்ந்துவிட்டது. தெருவில் இன்னும் சில வீட்டுச் சுவர்களும் விழுந்தன. ஆனால் ஏரி இறங்கத் தொடங்கியிருந்ததால் கரை நின்றது. ஆள் சேதம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த எங்களுக்கு மன்றத்துப் பையன்கள் மஞ்சள் பனியனில் வந்து புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். அண்ணனும் கொடுத்தான். எங்கள் வரிசைக்கு வந்தபோது பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். தலைவர் அம்மாவின் கையில் கொடுத்ததைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார்கள். வெள்ள மீட்புப் பணியில் நம் இளைஞர்கள் என்று எழுதியிருந்தது. படத்தில் அம்மா பொட்டலத்தை வாங்குகிறாள். வாங்கிச் சாப்பிட்டாள். "உப்பு கம்மி" என்றாள்.

மழை விட்டதும் ஊர்க் கூட்டம் போட்டார்கள். கத்தி எடுத்தது தப்பு என்று அவர்கள் பக்கமும், மூட்டை அடுக்கியது தப்பு என்று எங்கள் பக்கமும் பேசினோம். கடைசியில் தலைவரே எழுந்து, "இனிமே கோடில மணல் மூட்டை அடுக்கறதில்ல" என்றார். எல்லாரும் சம்மதம் என்று கை தூக்கினார்கள். அவருடைய அப்பாவும் தூக்கினார். அண்ணனும் தூக்கினான். எங்கள் தெருவில் அன்றைக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு பேரும் அவ்வளவு சீக்கிரம் கை தூக்கியதை யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கோடை வந்தது. குழுவில் செய்தி வந்தது: கோடி சீரமைப்பு, தன்னார்வலர்கள் அனைவரும் வருக. நான் போகவில்லை. கல்லூரியிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும்போது பார்த்தேன். ஜல்லி கொட்டியிருந்தது. கலவை எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய கருங்கல் சுவரின் மேல் ஒரு முழ உயரத்துக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, சிமெண்ட் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கரணை பிடித்துச் சமன் செய்துகொண்டிருந்தவன் அண்ணன். புதுப் பனியன், நீல நிறம்.

நேராகத் தலைவரிடம் போனேன். "மூட்டை அடுக்க மாட்டோம்னு கூட்டத்துல சொன்னீங்களே."

"மூட்டை எங்க தங்கச்சி இருக்குது?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கரையையும் பலப்படுத்திட்டோம். ஒண்ணும் ஆவாது."

கரையில் சரிந்த இடத்தை மண் கொட்டி மூடியிருந்தார்கள். மேலே புதிதாகப் பனை விதை நட்டிருந்தார்கள். மனு எழுதி எங்கள் தெருவே கையெழுத்துப் போட்டுத் தாலுகா ஆபீசில் கொடுத்தோம். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து கை கழுவும்போது கேட்டேன். "அண்ணே, உனக்கே தெரியாதா?"

"கணக்குப் பண்ணித்தான் போட்டிருக்குது பாப்பா" என்றான். "எல்லாம் என்ஜினியரு பாத்தது." நகக்கண்ணில் சிமெண்ட் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். அம்மா அவனுக்குச் சோறு போட்டாள். கோடியில் நடந்ததைப் பற்றி அவளும் அவனும் இன்றுவரை பேசியதில்லை.

இதை எழுதுகிற இன்றைக்குக் காலையிலிருந்து மலையைக் காணவில்லை. ஓடை இறங்கிவிட்டது. அண்ணன் நீலப் பனியனைப் போட்டுக்கொண்டு, கரைக் காவலுக்கு மன்றத்துப் பையன்களோடு போயிருக்கிறான். போகும்போது வாசலில் நின்று, "நான் பாத்துக்கறன், நீங்க பயப்படாதீங்க" என்றான். அம்மா தலையை ஆட்டினாள்.

அவன் போனதும் இறவாணத்திலிருந்து கத்தியை எடுத்தாள். கட்டை விரலால் பதம் பார்த்தாள். நல்ல பதமாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, படித்தவளுக்குத் தெரியும் என்று நினைத்தோ என்னவோ, "சிமிட்டியை எந்தக் கத்திடி அறுக்கும்?" என்று கேட்டாள்.

அவள் கத்தியைத் திரும்ப வைத்துவிட்டு, கோழிகளைக் கூடையில் அடைக்கப் போனாள். மழை நன்றாகப் பெய்கிறது. சத்தம் இன்னும் வரவில்லை.